லையர்ஸ் போக்கர் புத்தகத்தை இரண்டாம் முறை படிப்பது எப்படி

அலமாரியில் பத்துப் பதினைந்து வருடமாக நிற்கிற ஒரு புத்தகத்தை மறுபடி எடுத்தால் நாம் வழக்கமாகச் செய்வது, பிடித்த பக்கங்களைப் புரட்டிக் கொஞ்சம் சிரித்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவதுதான். கதைப் புத்தகத்துக்கு அது போதும். கோடிகள் கைமாறும் இடத்தைப் பற்றிய புத்தகத்துக்குப் போதாது. அந்த மாதிரிப் புத்தகத்தை முதல் முறை படிக்கும்போது நம் கவனம் முழுக்க ஜெயித்தவர் மேலேயே இருக்கும், தோற்றவர் யார் என்று பார்க்கக்கூட நேரம் இருக்காது. அதனால் இரண்டாம் முறைக்கு ஒரு முறை வேண்டும். நான் நான்கு தடவை படித்திருக்கிற ஒரு புத்தகத்தை வைத்தே அதைச் சொல்கிறேன்.

மைக்கேல் லூயிஸின் லையர்ஸ் போக்கர் 1989-இல் வந்தது. கலை வரலாறு படித்த லூயிஸ், லண்டனில் ஓர் அரண்மனை விருந்தில் தற்செயலாகப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்மணியின் வழியாக சாலமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கிக்குள் நுழைகிறார். 1985-இல் நியூயார்க்கில் பயிற்சி, அப்புறம் லண்டன் கிளையில் கடன் பத்திரம் விற்கும் வேலை, 1988 தொடக்கத்தில் ராஜினாமா. கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். நடுவில் இருப்பது, அன்றைக்கு உலகத்தின் கடன் பத்திர வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த ஒரு நிறுவனத்தின் உள்வீடு.

புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து, போன முறை படித்ததில் என்னென்ன ஞாபகம் இருக்கிறதோ எல்லாவற்றையும் எழுதுங்கள். பத்து நிமிடம் போதும். நான் எழுதியபோது பதினோரு விஷயங்கள் வந்தன: பத்து லட்சம் டாலர் பந்தயம், வியாபாரத் தளம் இருந்த 41-ஆவது மாடி, தலைக்கு மேல் பறக்கும் ஃபோன், பயிற்சி வகுப்பின் பின்வரிசைக்காரர்கள், வீட்டுக் கடன் பத்திரங்களைக் கவனித்த அடமானப் பிரிவின் சாப்பாட்டு ராமர்கள், இப்படியே. எழுதி முடித்துப் பார்த்தால் பதினொன்றும் நிறுவனத்துக்கு உள்ளே நடந்தவை. அந்தப் பத்திரங்களைக் காசு கொடுத்து வாங்கிய ஒரே ஒரு ஆள்கூட என் பட்டியலில் இல்லை! புத்தகத்தில் அவர்கள் இருக்கிறார்கள், பக்கம் பக்கமாக இருக்கிறார்கள், எனக்குத்தான் ஒருவர்கூட நினைவில் தங்கவில்லை. உங்கள் தாளிலும் அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன்.

இது நம் குறை மட்டுமல்ல. பல வருடம் கழித்து லூயிஸே எழுதியிருக்கிறார்: இதைப் படித்த இளைஞர்கள் வால் ஸ்ட்ரீட் பக்கம் போகாமல் வேறு நல்ல வேலை பார்ப்பார்கள் என்று நம்பி அவர் எழுதினாராம், ஆனால் வந்த கடிதங்களில் மாணவர்கள் கேட்டதோ, வால் ஸ்ட்ரீட்டைப் பற்றி இன்னும் ஏதாவது ரகசியம் இருந்தால் சொல்லுங்கள் என்பது. எச்சரிக்கையாக எழுதினதை வழிகாட்டிப் புத்தகமாகப் படித்திருக்கிறார்கள். நானும் 23 வயதில் அப்படித்தான் படித்தேன்.

சரி, இப்போது ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கெல்லாம் ஒரு வியாபாரம் நடக்கிறதோ அங்கே பக்க ஓரத்தில் மூன்று பெயர் எழுத வேண்டும்: விற்றவர், வாங்கியவர், நடுவில் நின்றவர். பெயர் தெரியாவிட்டால் "ஏதோ ஒரு சங்கம்", "ஏதோ ஒரு பென்ஷன் ஃபண்ட்" என்றாவது எழுதுங்கள். முதல் சில பக்கங்களில் இது சலிப்பாக இருக்கும். ஒரு நாற்பது பக்கம் தாண்டியதும் கை தானாக எழுத ஆரம்பித்துவிடும், அதற்கப்புறம் சிரிப்பு வரும் இடங்களே மாறிவிடும்.

முதல் அத்தியாயத்தைப் படித்த கையோடு, அதில் வரும், புத்தகத்துக்கே பெயர் கொடுத்த லையர்ஸ் போக்கர் என்ற விளையாட்டை வீட்டில் விளையாடிப் பாருங்கள். புத்தகத்தில் அது டாலர் நோட்டில், அதில் அச்சிட்ட எட்டு இலக்க வரிசை எண்ணை வைத்து. நமக்குப் பத்து ரூபாய் நோட்டு போதும், எழுத்து வரும் முன்பகுதியை விட்டுவிட்டுக் கடைசி ஆறு இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நான்கு பேர், ஆளுக்கு ஒரு நோட்டு, யாரும் மற்றவர் நோட்டைப் பார்க்கக் கூடாது. முதல் ஆள் "மூன்று 6" என்கிறார், அதாவது நால்வர் நோட்டிலும் சேர்த்துக் குறைந்தது மூன்று ஆறு இருக்கிறது என்று பந்தயம். அடுத்தவர் அதை நம்பவில்லை என்று சொல்லலாம், அல்லது ஏற்ற வேண்டும்: "மூன்று 8" என்றோ "நான்கு 2" என்றோ. மற்ற எல்லோரும் சேர்ந்து ஒருவரை "இல்லை" என்று சொல்லும் வரை ஏலம் ஏறிக்கொண்டே போகும். அப்புறம் நோட்டுகளைத் திருப்பி எண்ண வேண்டியதுதான். ஆட்டம் முடிந்ததும் நோட்டை அவரவரிடமே கொடுத்துவிடுங்கள், காசு வைத்து ஆட வேண்டிய அவசியமே இல்லை.

இதில் கணக்கு கொஞ்சம்தான். உங்கள் நோட்டில் இரண்டு 7 இருக்கிறது என்று வையுங்கள். மற்ற மூவரிடமும் மொத்தம் 18 இலக்கம், அதில் சராசரியாக 1.8 ஏழு வரும். ஆக "நான்கு 7" என்பது பாதிக்குச் சற்று மேல் வாய்ப்புள்ள பந்தயம், "ஐந்து 7" என்றால் அது நாலில் ஒன்றுக்கு இறங்கிவிடும். இதை ஒரு தடவை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் விளையாடினபோது இரண்டாவது சுற்றிலேயே யாரும் தன் நோட்டைப் பார்க்கவில்லை, எல்லோர் கண்ணும் அடுத்தவர் முகத்தில். என் அக்கா மகள், ஏழாவது படிக்கிறாள், நோட்டில் ஒரு 9 கூட இல்லாமல் "அஞ்சு ஒம்பது மாமா" என்று அமைதியாகச் சொன்னாள், அவள் அம்மாவே நம்பி "ஆறு" என்று ஏற்றிவிட்டாள். பத்திரம் விற்கிறவர்கள் இந்த ஆட்டத்தை ஏன் நாள் முழுக்க ஆடினார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு அவசரம், எவ்வளவு பயம் என்று மோப்பம் பிடிக்கத் தெரிந்தால், பத்திரத்தின் விலை பாதி தெரிந்த மாதிரி.

இப்போது 1986-இல் நடந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பந்தயத்தைத் திரும்பப் படியுங்கள். தலைவர் ஜான் குட்ஃப்ரெண்ட், டிரேடர் ஜான் மெரிவெதரிடம் வந்து ஒரே ஆட்டம், பத்து லட்சம் டாலர், தோற்றால் அழக்கூடாது என்கிறார். மெரிவெதரோ ஆடுவதானால் நிஜமான தொகைக்கு ஆடலாம், ஒரு கோடி டாலர் என்கிறார். தலைவர் பின்வாங்கிவிடுகிறார். முதல் முறை இது வீரமாகத் தெரிந்தது. நோட்டு வைத்து விளையாடிய பிறகு பார்த்தால், மெரிவெதருக்கு அந்த ஆட்டத்தில் ஆடவே விருப்பமில்லை. ஜெயித்தால் முதலாளியின் பகை, தோற்றால் பத்து லட்சம் போச்சு. ஏற்றியது தப்பிக்க.

அடுத்தது ஒரு கணக்கு, இதைத் தவறவிடாதீர்கள். புத்தகம் முழுக்கக் கடன் பத்திரத்தைச் சுற்றித்தான், ஆனால் வட்டி ஏறினால் பத்திர விலை ஏன் இறங்குகிறது என்பதைப் பலர் வாய்ப்பாடாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். உங்களிடம் 1,000 டாலர் பத்திரம், வருடம் 8 சதவீத வட்டி, அதாவது 80 டாலர். நாளைக்கு ஊரில் புதுப் பத்திரங்களுக்கு 10 சதவீதம் தருகிறார்கள். உங்களுடையதை முழு 1,000 கொடுத்து யார் வாங்குவார்? முதிர்வுக்கு ஒரு வருடம்தான் பாக்கி என்றால் 982 டாலர் கிடைக்கும். பத்து வருடம் பாக்கி என்றால் 877. முப்பது வருடம் என்றால் 811. வட்டி இரண்டே புள்ளி ஏறியதற்கு 1,000-இல் 189 போய்விட்டது, யாரும் ஏமாற்றாமல், யாரும் திருடாமல். இந்த மூன்று எண்களையும் அட்டையின் உட்புறத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடமானப் பிரிவைப் பற்றிய அத்தியாயங்கள் முழுக்க அவை தேவைப்படும்.

அந்த அத்தியாயங்களை மெதுவாகப் படியுங்கள். முதல் முறை நான் அங்கேதான் வேகமாக ஓட்டினேன், அந்தப் பிரிவை நடத்திய ரனியெரி கூட்டத்தின் சேட்டைகளுக்காக மட்டும் நின்றேன். உண்மையில் புத்தகத்தின் மற்ற எல்லாமே அங்கிருந்துதான் வருகிறது. 1979 அக்டோபர் 6, சனிக்கிழமை. அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பால் வோல்க்கர், இனிமேல் பண அளவைத்தான் கட்டுப்படுத்துவோம், வட்டி எங்கே போகிறதோ போகட்டும் என்கிற மாதிரி ஓர் அறிவிப்பு செய்கிறார். பணவீக்கத்தை அடக்க அது தேவைப்பட்டது. ஓரிரு வருடத்தில் குறுகிய கால வட்டி 20 சதவீதத்தை ஒட்டிப் போய்விட்டது.

இப்போது ஊருக்கு ஊர் இருந்த த்ரிஃப்ட் என்னும் சிறு வீட்டுக்கடன் சங்கங்களை நினைத்துப் பாருங்கள். மக்களின் சேமிப்பை வாங்கி, முப்பது வருடத்துக்கு மாறாத வட்டியில் வீட்டுக் கடன் கொடுத்தவர்கள். 6, 7 சதவீதத்தில் கொடுத்த கடன் அப்படியே நிற்கிறது, டெபாசிட் போட்டவருக்கோ அதைவிட அதிகமாகத் தராவிட்டால் அவர் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வாங்குகிற வட்டியைவிடக் கொடுக்கிற வட்டி அதிகம். எத்தனை நாள் தாங்கும்? 1981-இல் நாடாளுமன்றம் வரியில் ஒரு வழி திறந்துவிட்டது: பழைய கடன்களை விற்று, அதில் வரும் நஷ்டத்தைக் கடனின் ஆயுள் முழுக்கப் பிரித்துக் காட்டலாம், முந்தைய பத்து வருடங்களில் கட்டிய வரியிலிருந்து திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான், எல்லாச் சங்கமும் ஒரே நேரத்தில் விற்க வந்து நின்றது. வாங்குவதற்கு ஆளும் மேசையும் தயாராக வைத்திருந்தது சாலமன் மட்டும்தான், 1978-லேயே அங்கே அடமானப் பிரிவு தொடங்கியாகிவிட்டது. அதை நடத்தியவர் லூயிஸ் ரனியெரி, அதே நிறுவனத்தின் தபால் அறையில் வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவர். மனைவியின் ஆஸ்பத்திரி செலவை நிறுவனம் கட்டியது என்பதற்காக உயிரையே கொடுக்கத் தயாராக இருந்த மனிதர்.

இந்த இடத்தில் உங்கள் பென்சில் நிற்கட்டும். விற்றவர்: ஒரு சங்கத்தின் தலைவர், பத்திரம் என்ன விலை போகும் என்று தெரியாதவர். வாங்கியவர்: இன்னொரு சங்கத்தின் தலைவர், அவருக்கும் தெரியாது. நடுவில் நின்றவருக்கு இரண்டு பேரின் அவசரமும் தெரியும். ஒருவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி அடுத்தவரிடம் நல்ல விலைக்குக் கொடுத்தார்கள். அப்புறம் அந்தச் சங்கங்களில் நூற்றுக்கணக்கானவை திவாலாகி, டெபாசிட்டுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்த அரசு தலையில் விழுந்தன. நான் பக்க ஓரத்தில் கடைசியாக எழுதிய பெயர், "வரி கட்டியவர்".

இன்னும் ஒரு விஷயம், நம்மில் வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வட்டி இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? பழைய கடனை அடைத்துவிட்டுக் குறைந்த வட்டியில் வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்கிறோம். நமக்கு லாபம். ஆனால் அந்தப் பழைய கடனை முதலீடாக வாங்கி வைத்திருந்தவருக்கு, 12 சதவீதம் வந்துகொண்டிருந்த பணம், ஊரெல்லாம் 8 சதவீதமாக இருக்கிற நேரம் பார்த்து மொத்தமாகக் கையில் வந்து விழுகிறது. வட்டி ஏறினாலோ யாரும் முன்கூட்டி அடைக்க மாட்டார்கள், அவர் குறைந்த வட்டியிலேயே மாட்டிக்கொள்வார். எப்படிப் பார்த்தாலும் அவருக்குக் கெட்ட நேரம். இதனால்தான் பெரிய முதலீட்டாளர்கள் வீட்டுக் கடன் பத்திரத்தைத் தொடவே பயந்தார்கள்.

1983 ஜூனில் அந்தப் பயத்துக்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். இதைப் படித்தால் புரியாது, வரையுங்கள். ஒரு பெரிய தொட்டி, அதில் ஆயிரக்கணக்கான வீடுகளிலிருந்து மாதாமாதம் பணம் வந்து விழுகிறது. தொட்டிக்குக் கீழே மூன்று குடம், ஒன்றன்பின் ஒன்றாக. யார் முன்கூட்டி அசலை அடைத்தாலும் அந்தப் பணம் முதலில் முதல் குடத்துக்குத்தான் போகும், அது நிரம்பி முதல் குடத்துக்காரர் கணக்கு தீர்ந்த பிறகுதான் இரண்டாவதுக்கு, அப்புறம் மூன்றாவதுக்கு. வட்டி மட்டும் எல்லாருக்கும் வந்துகொண்டிருக்கும். இப்போது சீக்கிரம் பணம் வேண்டுகிறவர் முதல் குடத்தை வாங்கலாம், நீண்ட நாள் வட்டி வேண்டும் என்கிற பென்ஷன் ஃபண்ட் மூன்றாவதை வாங்கலாம். அழகான யோசனை, உண்மையிலேயே அழகு, அதை மறுக்கவே முடியாது. 2008-இல் உலகத்தைக் கவிழ்த்த பத்திரங்களும் இதே தொட்டி குடத்தின் பேரப்பிள்ளைகள்தான், என்ன, அப்போது தொட்டிக்குள் விழுந்தது திருப்பிக் கட்ட வசதியில்லாதவர்களுக்குக் கொடுத்த கடன், குடங்களும் யார் முதலில் நஷ்டப்பட வேண்டும் என்ற வரிசையில் அடுக்கப்பட்டன. லூயிஸ் இதை எழுதியபோது அதெல்லாம் யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும், அதுதான் இரண்டாம் முறை படிப்பதில் இருக்கும் பெரிய வசதி.

லண்டன் பகுதிக்கு வருவோம். இங்கே ஒருவரை நீங்கள் அவசியம் சந்திக்க வேண்டும். லூயிஸின் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர், ஓர் ஆஸ்திரிய வங்கியின் லண்டன் அலுவலகத்தில் இருப்பவர், புத்தகத்தில் ஹெர்மன் என்ற பெயரில் வருகிறார். சாலமன் டிரேடர் ஒருவர் ஏடி அண்ட் டி நிறுவனப் பத்திரம் மலிவாக இருக்கிறது என்கிறார், புதுப் பையனான லூயிஸ் அதை நம்பி ஹெர்மனிடம் சொல்கிறார், ஹெர்மன் லூயிஸை நம்பி 30 லட்சம் டாலருக்கு வாங்குகிறார். அடுத்த நாள் பார்த்தால் விலை இறங்கியிருக்கிறது. அந்தப் பத்திரம் அந்த டிரேடரின் கையில் மாதக்கணக்காக விற்காமல் கிடந்த சரக்கு. ஹெர்மனின் வங்கிக்கு 60,000 டாலர் நஷ்டம். லூயிஸ் டிரேடரிடம் முறையிட்டால், நீ அவருக்கு வேலை பார்க்கிறாயா சாலமனுக்கு வேலை பார்க்கிறாயா என்கிற தொனியில் பதில்.

முதல் முறை படித்தபோது இந்த மூன்று பக்கம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இரண்டாம் முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். இடைப்பட்ட காலத்தில் நான் ஒரு தனியார் வங்கிக் கிளையில் வேலை பார்த்தேன், வங்கியின் பெயர் இங்கே வேண்டாம். மார்ச் மாதம், டார்கெட் முடிக்க இன்னும் மூன்று நாள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் ஃபிக்சட் டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்தார். அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஷேர் மார்க்கெட்டோடு சேர்ந்த ஒரு இன்ஷூரன்ஸ் திட்டத்தை விற்றேன். விவரத் தாளை நீட்டியபோது அவர் கண்ணாடியைக்கூட எடுத்து மாட்டவில்லை. "தம்பி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். அவர் கட்டிய முதல் வருடப் பணத்தில் நல்ல பங்கு கட்டணத்துக்கே போயிற்று. இரண்டு வருடம் கழித்து மகளின் கல்யாணச் செலவுக்குப் பணத்தை எடுக்க முடியுமா என்று கேட்டு வந்தபோதுதான் அவருக்கே அது தெரிந்தது. மேலதிகாரி எனக்குப் பாராட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார், அதை நான் வீட்டில் காட்டிப் பெருமைப்பட்டிருந்தேன்.

ஆகவே ஹெர்மன் பகுதிக்கு வரும்போது கொஞ்சம் நில்லுங்கள். வேலை எதுவாக இருந்தாலும், உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்ட ஒருவர், அல்லது நீங்கள் நம்பிக் கையெழுத்துப் போட்ட ஒருவர், கட்டாயம் ஞாபகத்துக்கு வருவார். அந்தப் பக்க ஓரத்தில் அவரை எழுதுங்கள். அதற்குப் பின்னால் வரும் ஒலிம்பியா அண்ட் யார்க் என்ற கட்டட நிறுவனத்தின் பத்திர விவகாரத்தை இதோடு சேர்த்து உடனே படியுங்கள். யாரும் வாங்காமல் தேங்கிக் கிடந்த 8 கோடியே 60 லட்சம் டாலர் பத்திரத்தை லூயிஸ் தன் வாடிக்கையாளர் ஒருவர் தலையில் கட்டி நிறுவனத்தில் பெரிய ஆளாகிவிடுகிறார், நியூயார்க்கிலிருந்து பாராட்டு ஃபோன் வருகிறது. ஹெர்மனுக்காக வருந்திய அதே ஆள்தான். லூயிஸ் இதை மறைக்காமல் எழுதியதற்காகவே இந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு மரியாதை.

எதை வேகமாகப் படிக்கலாம்? பயிற்சி வகுப்புக் குறும்புகளை ஒரு ஓட்டு ஓட்டலாம், முதல் முறையே போதும். மைக்கேல் மில்கென் பிரபலமாக்கிய ஜங்க் பாண்ட், அதாவது தரம் குறைந்த, வட்டி அதிகமான கடன் பத்திரம் பற்றிய பகுதி அந்தக் காலத்துப் பரபரப்பு, தெரிந்துகொள்ள நல்லது, அதற்கு மேல் அங்கே தங்க வேண்டாம். பெண்களைப் பற்றி அந்தத் தளத்தில் பேசிய பேச்சை இன்று படிக்கக் கூசும், ஆனால் அதைத் தாண்டிப் போகாமல், எந்த வேலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று மட்டும் கவனியுங்கள். சம்பளம் வரும் இடங்களில் ஒரு சின்ன உதவி: 1985-இன் டாலரை இன்றைக்கு மாற்ற ஏறக்குறைய மூன்றால் பெருக்குங்கள். லூயிஸுக்குத் தொடக்கத்தில் 48,000 டாலர், 1987 முடிவில் 2,25,000. பெருக்கிப் பார்த்தால்தான், 27 வயதில் அதை விட்டுவிட்டு எழுத வந்தது எவ்வளவு பெரிய முடிவு என்று உறைக்கும்.

புத்தகம் 1987 அக்டோபர் 19-ஐத் தொட்டு முடிவை நோக்கிப் போகும், அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 508 புள்ளி, 22.6 சதவீதம் விழுந்த நாள்.  அதற்கு முன்பே, அந்த வருடம் ஜூலையில், ரனியெரியை வெளியே அனுப்பிவிட்டார்கள், தபால் அறையிலிருந்து வந்த அந்த விசுவாசியை. நிறுவனத்தை வேறொருவர் கைப்பற்றாமல் இருக்க வாரன் பஃபெட்டிடம் 70 கோடி டாலர் முதலீடு வாங்கினார்கள். புத்தகத்தைப் படித்து முடித்த பிறகுதான், அதற்கு முன்னால் வேண்டாம், பின்னால் நடந்தவற்றைத் தேடிப் பாருங்கள். 1991-இல் அரசுப் பத்திர ஏலத்தில் சாலமன் டிரேடர் ஒருவர் பொய் விண்ணப்பம் போட்டது அம்பலமாகி குட்ஃப்ரெண்ட் பதவி விலக, பஃபெட்டே கொஞ்ச காலம் தலைவராக உட்கார வேண்டியதாயிற்று. 1997-இல் டிராவலர்ஸ் நிறுவனம் சாலமனை 900 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. மெரிவெதர் 1994-இல் லாங் டெர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற ஃபண்டைத் தொடங்கினார், இரண்டு நோபல் பரிசுப் பொருளாதார அறிஞர்கள் கூட்டாளிகள். 1998-இல் அது கவிழ்ந்தபோது நியூயார்க் மத்திய வங்கி கூட்டம் கூட்டி, 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து 360 கோடி டாலர் போட்டுத் தாங்கின.

நாள் கணக்கு கேட்டால், நான்கு வார இறுதி போதும் என்பேன். முதல் வாரம் ஞாபகத் தாள், முதல் அத்தியாயம், நோட்டு விளையாட்டு. இரண்டாவது முழுக்க அடமான அத்தியாயங்களுக்கு, அவசரப்படாதீர்கள், தொட்டியும் குடமும் தாளில் வரும் வரை அடுத்ததுக்குப் போக வேண்டாம். மூன்றாவது லண்டன். நான்காவதில் மிச்சத்தை முடித்துவிட்டு, மேலே சொன்ன பின்கதையையும் பார்த்துவிட்டு, முதல் அத்தியாயத்தை இன்னொரு தடவை படியுங்கள், பத்து நிமிடம்தான் ஆகும். 41-ஆவது மாடி, மெரிவெதரின் மேசை, தலைவர் பக்கத்தில் வந்து நிற்கிறார், சுற்றிலும் கூட்டம், பத்து லட்சம், ஒரு கோடி. அந்தப் பக்க ஓரத்திலும் விற்றவர், வாங்கியவர், நடுவில் நின்றவர் என்று எழுதப் பாருங்கள். அந்தத் தொகைகள் எந்த ஊர் சங்கத்திலிருந்து, யாருடைய டெபாசிட்டிலிருந்து அந்த மேசைக்கு வந்து சேர்ந்தன என்பது இப்போது உங்களுக்குத் தெரியும், நான் என் பிரதியில் அங்கே தலைமை ஆசிரியர் என்று எழுதி வைத்திருக்கிறேன்.